நனையாத விரல்

கமலாவதி எதைக் கண்டாலும் கேள்வி கேட்பாள். அதை நல்ல குணம் என்று சொன்னவள் அவளுடைய பெரியம்மா நல்லம்மா மட்டும்தான். தாய் பாலேஸ்வரிக்கு அது ஒரு வியாதி. கரவெட்டியில் வேறு எந்தப் பெண் கோயில் ஐயரிடம் போய், "சாமிக்குப் படைச்ச பிறகு சோறு கொஞ்சமாவது குறைஞ்சிருக்கோ எண்டு பார்த்தனீங்களோ ஐயா?" என்று கேட்டிருப்பாள்? ஐயர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாலேஸ்வரிதான் கொஞ்சக் காலம் கோயில் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு இவள் எந்த வீட்டில் போய் வாழப்போகிறாள் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. எந்த வீடு என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எங்கள் ஆட்கள் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தால் எத்தனை குடும்பங்கள் கெட்டுப்போயின என்பதை யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும்.

கமலாவதிக்கு நினைவு தெரியும் முன்பே தகப்பன் முத்துக்குமாரு காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு தாயையும் பிள்ளையையும் பார்த்தவர் தகப்பனின் தமையன், நல்லம்மாவின் கணவர் பரமலிங்கம். பரமலிங்கத்துக்குக் கல்வீடு இருந்தது, புகையிலைத் தோட்டம் இருந்தது, பனங்காணி இருந்தது. பிள்ளை இல்லை. அவருடைய தங்கை சிவக்கொழுந்து பக்கத்தில் துன்னாலையில் இருந்தாள். அவளும் கணவனை இழந்தவள்தான், ஆனால் அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் கொழும்பில் கிளாக்கர். இளையவன் சோமசேகரம் பள்ளிக்கூடம் விட்ட நாள் தொடக்கம் அம்மானுடைய தோட்டத்திலேதான் கிடந்தான்.

சோமசேகரம் கமலாவதிக்குச் சொந்த மாமி மகன். மச்சான். கதை குறைந்தவன். அவள் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வான், ஆனால் அந்த ஒன்று சரியாக இருக்கும். அவளுக்கு அவனைப் பிடிக்கும். எப்போதிருந்து பிடிக்கும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவளுடைய கேள்விகளில் பதில் இல்லாமல் நின்றது அது ஒன்றுதான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பலாலிப் பக்கமிருந்து விமானங்கள் இரைந்துகொண்டு போகும். சீனிக்குக் கூப்பன், அரிசிக்குக் கூப்பன். ஒரு நாள் காலை பரமலிங்கம் தம்பியின் வீட்டுக்கு வந்தார், புது வேட்டியும் சால்வையுமாக. புகையிலைத் தோட்டத்து மனிதர் சால்வை போட்டுக்கொண்டு வந்தால் சும்மா வரவில்லை என்று அர்த்தம். பாலேஸ்வரி கதிரையைத் தட்டிப் போட்டாள். கமலாவதி கோப்பியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றுகொண்டாள்.

"பாலேசு, சோமுவை நான் பிள்ளையாய் எடுக்கப் போறன்," என்றார்.

"எங்கடை சோமுவையோ அத்தான்?"

"ஓம். முந்தி ரண்டு தரம் சிவக்கொழுந்திட்டைக் கேட்டனான். பெத்த பிள்ளையைத் தரமாட்டன் எண்டு துள்ளினவள். இந்த முறை அவளாய் வந்து, அண்ணை எடுத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிறாள்." பரமலிங்கம் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

குசினி வாசல் சும்மா இருக்குமா? "உவ்வளவு பெரிய ஆம்பிளையை எப்பிடிப் பெரியப்பா பிள்ளையாய் எடுக்கிறது? கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை எழுதிறதோ?"

"கோட்டிலை ஏதோ புதுச் சட்டம் வந்திருக்காம். அது சின்னப் பிள்ளையளை எடுக்கிறதுக்குத்தானாம். வழக்குப் பேசிற பிரக்கிராசி மார்க்கண்டர் சொன்னவர். வளர்ந்த ஆளை எடுக்கிறதெண்டால் எங்கடை பழஞ்சட்டம் தேசவழமைதான் வழி. மஞ்சள் தண்ணி குடிக்க வேணும்."

"ஆர், சோமுவோ குடிக்கிறது?"

"இல்லை மோனை. நானும் பெரியம்மாவும்."

"குடிச்சால் எப்பிடிப் பிள்ளை வரும்?"

"கமலா!" என்றாள் தாய்.

பரமலிங்கம் கோபிக்கவில்லை. இந்த வாயைத் தூக்கி வளர்த்தவரே அவர்தானே. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "எனக்குப் பிறகு என்ரை சொத்துக்கு உரிமைக்காரர் ஆர்? சிவக்கொழுந்து. மற்றது உன்ரை கொப்பர். அவர் இல்லாததாலை நீ. நீங்கள் ரண்டு பேரும் சபைக்கு முன்னாலை அந்த மஞ்சள் தண்ணியிலை விரலை நனைக்க வேணும். எங்களுக்குச் சம்மதம் எண்டதுக்கு அதுதான் அடையாளம். பேந்து நாங்கள் எடுத்துக் குடிப்பம். குடிச்சால் சோமு எங்கடை பிள்ளை."

கமலாவதி தன் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்தாள். கீரை ஆய்ந்த பச்சை இன்னும் நகத்தில் இருந்தது. இந்த விரலுக்கு இப்படி ஓர் உத்தியோகம் இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

"உயில் எழுதினால் காணாதோ பெரியப்பா?"

"உயிலாலை காணி போகும் பிள்ளை. ஐயா எண்டு கூப்பிட ஒரு ஆளை உயிலிலை எழுதேலாது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா படலையைத் தாண்டிப் போகும்போது அவருடைய நடையைப் பார்த்தாள். எட்டி எட்டி, வாலிபனைப் போல நடந்தார். நல்லா இருக்கட்டும் என்று மனதாரச் சொல்லிக்கொண்டு கீரைச் சுளகின் முன்னால் போய்க் குந்தினாள்.

கீரை ஆயும்போதுதான் அந்தக் கணக்கு அவளுக்குள் ஓடத் தொடங்கியது. சோமு பெரியப்பாவின் மகன். பெரியப்பா அப்பாவின் தமையன். அப்படியென்றால்?

"அம்மா, சோமு பெரியப்பாவின்ரை மகனெண்டால் எனக்கு என்ன முறை?"

பாலேஸ்வரி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "இதென்ன கேள்வி? மச்...", சொல் பாதியில் நின்றது. கை அரிசியோடு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, "அண்ணை," என்றாள். அரிசியைத் திரும்பச் சுளகில் கொட்டிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

முறை பார்ப்பதில் எங்கள் ஊரை வெல்ல ஆளில்லை. கலியாண வீட்டுப் பந்தலில் முன்பின் தெரியாத இருவரை இருத்தினால், வெற்றிலை போட்டு முடியும் முன்பே ஒருவருக்கு ஒருவர் என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஆட்கள் இதை எண்ணவில்லை. பரமலிங்கம் தனக்கு ஒரு மகன் என்பதை மட்டும் எண்ணினார். பாலேஸ்வரி அத்தானின் சந்தோஷத்தை மட்டும் எண்ணினாள். மச்சானும் மச்சாளும் மச்சானும் மச்சாளுமாகவே இருப்பார்கள், அதற்குச் சூரியன் சந்திரன் சாட்சி என்று எல்லாரும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

எல்லாரும்தானா என்று கமலாவதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். கேட்டுப் பார்ப்பது.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் பெரியப்பாவின் சாப்பாட்டைக் கொண்டுபோனாள். "பெரியப்பா, சோமு எனக்கு என்ன முறை?" என்று கேட்டாள். பெரியப்பா புகையிலைக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டே, நிமிராமல், "மச்சான். உது தெரியாதோ உனக்கு?" என்றார். அவருடைய முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 'மஞ்சள் தண்ணி குடிச்ச பிறகு?' என்ற அடுத்த கேள்வி அவளுடைய நாக்கு நுனியில் நின்றது. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, சோமுவுக்கு இனி வடக்கு அறையை வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அவள் கேள்வியை விழுங்கிவிட்டாள்.

சோமசேகரம் கிணற்றடியில் துலாவைப் பிடித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நின்றாள்.

"மஞ்சள் தண்ணி குடிச்ச பிறகு என்னை என்னெண்டு கூப்பிடுவியள்?"

சிரித்தான். "கமலாவதி எண்டுதான்."

"அது பேர். முறை என்ன எண்டு கேக்கிறன்."

அவன் வாளியைக் கவிழ்க்கப் போனவன் நின்றுவிட்டான். சிரிப்பு முகத்திலேயே கிடந்து மெல்ல மெல்லக் கழன்றது. வாளி சரிந்து தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் காலில் கொட்டியது. அதை அவன் பார்க்கவும் இல்லை. அவனும் எண்ணியிருக்கவில்லை என்பது கமலாவதிக்கு விளங்கியது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம், ஒரு துக்கம், இரண்டும் கலந்து வந்தன.

"அம்மானுக்கு நான் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?" என்றான் கடைசியில். "அறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் வாங்கி வச்சிட்டார்."

பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்பவன். இந்தப் பதிலும் சரியாகத்தான் இருந்தது. மாட்டேன் என்று அவனும் சொல்லலாம், வேண்டாம் என்று அவளும் அழலாம். ஒரு சொல் சொன்னால் போதும், பெரியப்பா பிள்ளை ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுவார். அவளுக்காக எதையும் விடுகிற மனிதர் அவர். அதுதான் அவளுக்குப் பயம். பிள்ளை இல்லாத வீட்டில் வெள்ளையடித்த அறையைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை அவர் கழிக்க வேண்டும்.

அந்தக் கிழமையே சிவக்கொழுந்து மாமி வந்தாள். கையில் ஒரு பெட்டி நிறையப் பனங்காய்ப் பணியாரம். மாமி சும்மா கை வீசிக்கொண்டு வந்து கை நிறையக் கொண்டுபோகிறவள். அவள் பணியாரத்தோடு வந்ததைக் கண்டவுடனேயே கமலாவதிக்குக் கண் விரிந்தது. பணியாரத்தை வாங்கி வைத்துவிட்டு அதே கேள்வியை, அதே குரலில் கேட்டாள்.

"மாமி, சோமு எனக்கு இனி என்ன முறை?"

"அண்ணையெல்லோ," என்றாள் மாமி. ஓர் இமைப்பொழுதும் தயங்கவில்லை. சொல் வாயில் தயாராக இருந்தது. "கூடப் பிறந்த அண்ணை இல்லாத குறை இனி உனக்கில்லை. நாளைக்கு உனக்கு ஒரு நல்ல இடத்திலை பார்த்துச் செய்து வைக்கிறதும் அவன்ரை பொறுப்புத்தானே."

அம்மாவுக்கு அரிசி கையில் நின்றது. சோமுவுக்கு வாளி சரிந்தது. பெரியப்பாவுக்கு இன்னும் தெரியவே தெரியாது. மாமிக்கு மட்டும் பணியாரத்தோடு பதிலும் சுட்டு ஆறியிருந்தது. முதலில் எண்ணியவள் யார் என்று கமலாவதிக்குத் தெரிந்துவிட்டது. ஏன் எண்ணினாள் என்பதுதான் மிச்சம்.

அதற்கும் அவள் கனக்க அலைய வேண்டியிருக்கவில்லை. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் துன்னாலைக்குப் போனபோது, மாமி வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் குடை சார்த்தியிருந்தது. உள்ளே கதிரையில் ஆழ்வாப்பிள்ளை இருந்தார். ஆழ்வாப்பிள்ளை என்றால் வடமராட்சி முழுக்கத் தெரிந்த கலியாணத் தரகர், வேறு காரியத்துக்கு அந்தக் குடை ஒரு வீட்டிலும் சார்ந்ததில்லை. "மல்லாகத்துப் பொம்பிளை ஒரே பிள்ளை. கல்வீடும் வயலும் அவவுக்குத்தான்," என்று அவர் சொல்வதும், "பொறுங்கோ, மஞ்சள் தண்ணி முடியட்டும், பேந்து எனக்கு ஒரு வில்லங்கமும் இல்லை," என்று மாமி சொல்வதும் படலையிலேயே கேட்டன. கமலாவதி பெட்டியைப் படலையில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வழி முழுக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால், சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் வியப்பும் வந்தது. செத்துப்போன தமையனின் பிள்ளையை வேண்டாம் என்று மாமி வாயால் சொன்னால் ஊர் காறித் துப்பும். மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனை அண்ணனுக்குக் கொடுக்கிறாள், புண்ணியவதி என்று பெயர் வாங்குகிறாள், அதோடு மச்சானை அண்ணையாக்கிவிடுகிறாள். என்ன மூளை! இந்த மூளையை நல்ல காரியத்துக்குப் பாவித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

சடங்குக்கு முன் உரிமைக்காரரைக் கண்டு விளக்கம் சொல்லிவிட வேண்டும் என்று பருத்தித்துறையிலிருந்து பிரக்கிராசி மார்க்கண்டு பாலேஸ்வரி வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, சப்பாத்து, வெயிலில் சிவந்த முகம். கேட்க ஆள் இருந்தால் பொழுதுபடும் வரை சட்டம் சொல்லக்கூடிய மனிதர். பாவம், கோர்ட்டில் யாரும் அவரிடம் ஆசையாக ஒன்றும் கேட்பதில்லை. கமலாவதி கதவு நிலையில் சாய்ந்து நின்று, "ஐயா, ஒரு உரிமைக்காரர் விரல் நனைக்கமாட்டன் எண்டால் என்ன செய்வியள்? பிடிச்சு நனைப்பியளோ?" என்று தொடங்கியதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பிடிக்கேலாது. அவர் நனைக்காட்டிலும் காரியம் நிக்காது. நனைச்ச ஆக்களுக்கு அவர் பிள்ளைதான். நனைக்காத ஆளின்ரை பங்கு மட்டும் அவருக்கு அப்பிடியே நிக்கும். அந்த ஆளின்ரை மட்டிலை, பிள்ளையே எடுக்கேல்லை எண்டு வையுங்கோவன்."

"அதெப்பிடி ஐயா? ஒரே ஆள் ஒருத்தருக்குப் பிள்ளையாயும் இன்னொருத்தருக்குப் பிள்ளை இல்லாமலும் இருக்கலாமோ?"

"இருக்கலாம்! அதுதானே தேசவழமையின்ரை வடிவு," என்று அவர் கோப்பியைக் கூடக் குடிக்காமல் சொன்னார்.

"பெத்த தாய் நனைச்சால்?"

"நனைச்சால் குடுத்தாச்சு. அந்த வீட்டுச் சொத்திலை அவனுக்கு உரிமையில்லை, அவனிலை தாய்க்கும் அதிகாரமில்லை. அவனுக்கு நல்லது கெட்டது பார்க்கிறது இனி எடுத்த தாய் தேப்பன்தான்." பிறகு கோப்பியை எடுத்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு, "ஆனால் பிள்ளை, விரல் நனைக்காத ஆளை ஊரிலை ஒரு பேரிலைதான் கதைப்பினம். காணிக்கு ஆசைப்பட்டது எண்டு. வேறை காரணம் ஒருத்தரும் நினைக்காயினம்," என்றார்.

அவர் போன பிறகு கமலாவதி வெகுநேரம் அந்தக் கதவு நிலையிலேயே நின்றாள். வழி இருந்தது. ஆனால் அந்த வழியில் போனால் வளர்த்த பெரியப்பாவின் முன்னால், ஊர்ச் சபையில், அவருடைய காணியில் கண் வைத்தவள் என்று நிற்க வேண்டும். அவர் அப்படி நினைத்து ஒரு பார்வை பார்த்தால் அவளால் தாங்க முடியுமா? ஐயரிடம் சாமிச் சோற்றைப் பற்றிக் கேட்ட வாய்தான், இதற்குத் துணிவு வரவில்லை.

சடங்கு நாள் காலை பரமலிங்கம் வீட்டு முற்றம் கூட்டிச் சாணம் தெளித்திருந்தது. விறாந்தையில் பாய் விரித்து, நடுவில் குத்துவிளக்கு. ஊர்த் தலைமைக்காரர் விதானையார் தம்பிராசா சாட்சிக்கு வந்து கதிரையில் இருந்தார். பிரக்கிராசி இன்னொரு கதிரையில். அயலவர்கள் முற்றத்தில். சோமசேகரம் பாயின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நல்லம்மா மஞ்சளை அரைத்துக் கரைத்து வெண்கலக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"உரிமைக்காரர் நனையுங்கோ," என்றார் விதானையார்.

சிவக்கொழுந்து அவர் சொல்லி முடிக்கவும் விடவில்லை. ஒரு விரல் போதும், அவள் கையையே முக்கி எடுத்தாள். புடைவையில் மஞ்சள் சொட்டியது. பரமலிங்கம் தங்கையைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி இருந்தது. பிறகு கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு கமலாவதியிடம் வந்தார்.

"நனை மோனை."

கமலாவதி கிண்ணத்துக்குள் பார்த்தாள். மஞ்சள் தண்ணீரில் ஓட்டுக் கூரை தெரிந்தது, பெரியப்பாவின் முகம் தெரிந்தது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் நனைக்கேல்லை பெரியப்பா."

முற்றத்தில் ஒரு சலசலப்பு எழும்பியது. "பார்த்தியளோ," என்றாள் சிவக்கொழுந்து. "தேப்பன் இல்லாத பிள்ளை எண்டு ஊட்டி வளர்த்தவர். அவற்றை காணியிலையே கண்!"

அவள் பயந்த அந்தப் பார்வைதான் பரமலிங்கத்தின் கண்ணில் வந்தது. "உனக்கும் காணிதானோ பிள்ளை?" என்றார் மெல்ல.

கமலாவதி பிரக்கிராசியிடம் திரும்பினாள். "ஐயா, எனக்கு வரக்கூடிய பங்கு முழுக்க வேண்டாம் எண்டு இப்பவே எழுதுங்கோ. கையொப்பம் வைக்கிறன். ஒரு பனங்காணியும் எனக்கு வேண்டாம். விரலை மட்டும் நனைக்கமாட்டன்."

பிரக்கிராசிக்குத் தலை சுற்றியது. "அதுக்கு ஏன் எழுத்து? விரலை நனைச்சாலே பங்கு போயிடுமே?"

"பங்கு மட்டுமோ ஐயா போகும்?"

மார்க்கண்டு கண்ணாடியைக் கழற்றினார். கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்ட கேள்விகள் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தவர், இது தான் சொல்லக்கூடிய சட்டம் இல்லை என்று மூடிக்கொண்டார்.

"வேறை என்ன போகும்?" என்றார் பரமலிங்கம்.

அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் கையில்லை, கை பின்னால் கட்டியிருந்தது. "தோட்டத்திலை வச்சு உங்களிட்டை ஒண்டு கேட்டனான் பெரியப்பா. சோமு எனக்கு என்ன முறை எண்டு. நீங்கள் சொன்ன பதிலைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

பரமலிங்கம் கிண்ணத்தோடு நின்றார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தம்பி மகள். என் மகன். தம்பி மகளுக்கு என் மகன். கிண்ணம் அவருடைய கையில் சரியப் பார்த்தது, நல்லம்மா ஓடிவந்து பிடித்தாள். "ஐயோ, இதை நான் எண்ணேல்லையே," என்றார். "ரண்டு பேரும் என்ரை கண்ணுக்கு முன்னாலை இந்த வீட்டிலை இருப்பினம் எண்டெல்லோ நான்..." பிறகு கிண்ணத்தை நல்லம்மாவிடமிருந்து வாங்கி, "வேண்டாம். இதை ஊத்திவிடுவம்," என்று முற்றத்துப் பக்கம் திரும்பினார்.

"ஊத்தாதேங்கோ!"

கத்தியது சோமசேகரம். அவன் இப்படிக் கத்தி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. எழுந்து வந்து கிண்ணத்தில் கை வைத்தான். "நீங்கள் குடியுங்கோ. நான் உங்கடை பிள்ளைதான். ஆனால் கமலாவதி சம்மதிக்கேல்லை எண்டு பிரக்கிராசியார் வடிவாய் எழுதட்டும். அவ நனைக்காட்டில் அவவுக்கு நான் உங்கடை பிள்ளை இல்லை. அப்பிடித்தானே ஐயா சட்டம்?"

"அது பங்கு மட்டிலை..." என்று தொடங்கிய பிரக்கிராசி, முற்றத்தில் நிற்கும் சனத்தைப் பார்த்தார், பின்னால் கை கட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்தார். "ஓம். அப்பிடித்தான்," என்றார். அவர் அன்றைக்குச் சொன்னதிலேயே சின்னச் சட்டம் அதுதான்.

எல்லாரும் விதானையாரைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாருக்கும் மகன், அவவுக்கு மச்சான். எனக்கு விளங்குது. குடியுங்கோ," என்றார்.

பரமலிங்கம் குடித்தார். நல்லம்மா குடித்தாள். சோமசேகரம் அவருடைய காலில் விழுந்து எழும்பி, "ஐயா," என்றான். அந்தச் சொல்லைக் கேட்க அந்த மனிதர் எத்தனை காலம் காத்திருந்தார் என்பது அவர் அவனைப் பிடித்துக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

சிவக்கொழுந்துக்கு இப்போதுதான் வாய் வந்தது. "உதொண்டும் நடக்காது அண்ணை. நான் மல்லாகத்திலை சொல் குடுத்திட்டன். ஆழ்வாப்பிள்ளை நாளைக்கு அவையளைக் கூட்டிக்கொண்டு வாறார்."

பரமலிங்கம் தங்கையின் கையைப் பார்த்தார். முழங்கை வரை ஒழுகிய மஞ்சள் இன்னும் காயவில்லை. அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது, ஏன் இந்த முறை அவளாகவே வந்தாள் என்பதும். ஆனால் குரலில் கோபம் இல்லை.

"தங்கச்சி, சபைக்கு முன்னாலை நனைச்சுத் தந்திட்டாய். இனி என்ரை மகனுக்குப் பொம்பிளை பார்க்கிறது நான்."

முற்றத்தில் ஒருவர் சிரிக்க, பிறகு எல்லாரும் சிரித்தார்கள். விதானையாரும் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். சிவக்கொழுந்து கையைப் புடைவையில் துடைத்தாள், துடைத்தாள், மஞ்சள் போகவில்லை.

நல்லம்மா வெறும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கமலாவதியிடம் வந்தாள். பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து முன்னால் எடுத்தாள். நனையாத விரலைத் தன் முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். பிறகு முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"சோமுவின்ரை தாய் இனி நான். அப்ப நீ என்னை என்னெண்டு கூப்பிடப் போறாய், பெரியம்மா எண்டோ, மாமி எண்டோ?"

ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்ட பெண் அதற்குப் பதில் தெரியாமல் பெரியம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.